நோயாளியின் பெயர் ஹூ

என் அக்கா வீட்டுக்காரர் வாழ்நாளில் பேசியதில் முக்கால்வாசி மூன்றே வாக்கியங்கள்தான். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க." பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையில், ஈயத் தகடு பதித்த தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே மூச்சு. "மூச்சு இருக்கா?" என்று ஒரு நர்ஸ் கேட்பார். "இப்பத்தான் போச்சு" என்று இன்னொருவர் சொல்வார். பக்கத்தில் நிற்கும் நோயாளியின் உறவினருக்குப் பாதி உயிர் போய்விடும்.

எனக்கு அவர் அத்தான். அவர்கள் கீழ்வீடு, நான் மாடி. நடுவில் இருக்கும் தளம் மெல்லியது. அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் நான் குனிவேன். ஆகவே இங்கே சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி காதால் கேட்டது, ஆஸ்பத்திரியில் நடந்தது மட்டும் அங்கே வேலை பார்க்கும் ஆயாம்மா வழியாக வந்தது. அந்த அம்மாள் ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவர். நான் அதை ஏழாகக் குறைத்திருக்கிறேன்.

அத்தான் சாது. யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார், வந்த சண்டையையும் வாங்கமாட்டார். ஒரே ஒரு கெட்ட பழக்கம், மனிதர்களை முழுசாகப் பார்க்கத் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால் இவர் என் காதோரம் குனிந்து, "இவருக்குக் காரை எலும்பு கோணலா சேர்ந்திருக்கு" என்பார். அவர் பெயர் என்ன என்றால் தெரியாது.

இந்த வருடம் ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டினார்கள். புறநோயாளிகள் பகுதியில் டோக்கன் கொடுக்க வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதில் இருந்தது. பல் தேய்க்காதவன் பல்லைப் போல மஞ்சள் பூத்த பெட்டி, முன்பக்கம் வீங்கிய கண்ணாடித் திரை, தட்டினால் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் போடும் விசைப்பலகை. காயலான் கடைக்குப் போகவிருந்ததை அத்தான் ஸ்டோர்காரரிடம் முறைப்படி கேட்டு, எழுதி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்த நாளில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை என்று அக்கா சொன்னாள்.

"ஏற்கனவே இந்த வீட்டுல ஒண்ணு பேசாம உக்காந்திருக்கு. ரெண்டாவது எதுக்கு?" என்றும் சொன்னாள்.

"இது பேசும்," என்றார் அத்தான்.

அவர் சொன்னதில் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் காத்திருப்போர் கூடத்தில் டோக்கன் எண்ணை அறிவிப்பதற்காக அந்தப் பெட்டிக்குள் ஒரு சவுண்டு கார்டு வைத்திருந்தார்கள். எப்போதோ அது வாயை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து ஆயாம்மாதான் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

சாப்பாட்டு மேசையின் பாதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அத்தான் அதற்குள் துழாவியபோது 'விடுப்பு விண்ணப்பங்கள்' என்று பெயரிட்ட கோப்புறை ஒன்று அகப்பட்டது. திறந்தால் உள்ளே ஒரு விளையாட்டு. டோக்கன் கொடுத்த குமாஸ்தா ஒளித்துவைத்து விளையாடியிருக்கிறார். ஒரு டோக்கனுக்கு ஜனங்கள் ஏன் அரைநாள் காத்துக்கிடந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

விளையாட்டு இதுதான். ஒரு வீரன் காட்டைக் கடந்து ஒரு கோட்டைக்கு வருகிறான். கோட்டைக்குள் நாற்பது அறைகள், கொள்ளை கொள்ளையாகப் புதையல், ஒரு பெரிய பல்லி. குமாஸ்தா ஆபீசில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். அத்தான் முதல் வேலையாகச் சத்தத்தை முடுக்கினார்.

இசை வந்தது. ஏழெட்டுப் பேர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மேளம் கொட்டுவது போல இருந்தாலும் கம்பீரமான இசை. அத்தானின் உள்ளங்கால் தாளம் போட்டது. வீரன் காட்டைக் கடந்தான். கோட்டை வாசலுக்கு வந்தான். ஈட்டியோடு நின்ற காவல்காரன் வாயைத் திறந்தான்.

"ஹூ… ஹூ… ஹூ… ஹூ… ஹூ…"

அவ்வளவுதான். திரை உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானுக்கும் மசியவில்லை. பிளக்கைப் பிடுங்கும்வரை அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆந்தை உள்ள வந்துடுச்சா பாருங்க," என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

மறுநாளும் ஹூ. அதற்கு மறுநாளும் ஹூ. அத்தான் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் இணையத்தில் எழுதிவைத்ததையெல்லாம் போனில் படிக்க ஆரம்பித்தார். படித்ததை எனக்கும் விளக்கினார். எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவரிடம் அத்தனை நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் முறை.

"அந்தக் காவல்காரன் 'ஹூ கோஸ் தேர்', அதாவது 'யாரது அங்க'ன்னு கேட்கப் பார்க்கிறான். பேச்ச முழுசா ஒரே வாயில கார்டுக்குக் கொடுக்க முடியாது. கம்ப்யூட்டர் துண்டு துண்டாத்தான் ஊட்டும். ஒரு துண்டு முடிஞ்சதும் கார்டு மணி அடிக்கணும். 'முடிச்சுட்டேன், அடுத்த வாய் கொடு'ன்னு அர்த்தம். மணிச் சத்தம் போய்ச் சேரலேன்னா கம்ப்யூட்டர் கையில சோத்த வச்சுக்கிட்டு அப்படியே நிக்கும். கார்டு பழைய துண்டையே மென்னுக்கிட்டு இருக்கும்."

"அப்ப பாட்டு மட்டும் எப்படி வருது?"

"பாட்டுக்கு மணி வேண்டாம். அது வேற வழி."

மணிக்கு எண்கள் உண்டாம். கார்டு ஐந்தாம் மணியை அடித்தால் விளையாட்டும் ஐந்தாம் மணிக்குத்தான் காது கொடுக்க வேண்டும். கார்டு எந்த மணியை அடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜம்பர் எனப்படும் கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பி. கார்டில் வரிசையாக ஜோடி ஜோடியாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்த ஜோடியின் தலையில் தொப்பியை மாட்டுகிறோமோ அந்த மணி. தொப்பி ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. அது கீழே விழுந்தால் வீட்டில் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். அக்கா ஒருமுறை பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பாலின் கதையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அத்தான் தொப்பியை ஐந்தில் மாட்டினார், விளையாட்டுக்கும் ஐந்து என்று சொன்னார். ஹூ. ஏழில் மாட்டி, ஏழு என்று சொன்னார். ஹூ. ஏழாம் மணி பிரிண்டருக்கும் சொந்தமாம். ஒரே மணிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்களோ என்று பிரிண்டர் வழியையே அடைத்தார். ஹூ. பெட்டிக்குள் இருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றி வெளியே வைத்தார். சவுண்டு கார்டைப் பக்கத்துப் பள்ளத்தில் செருகிப் பார்த்தார். அழிரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்தார். ஹூ, ஹூ, ஹூ. மாடியில் எனக்குத் தலைவலி மாத்திரை தீர்ந்துபோனது. எதிர்வீட்டு நாய் முதலில் பதில் சொல்லிப் பார்த்தது, பிறகு தன்மானம் கருதி விட்டுவிட்டது.

"சத்தத்த ஆஃப் பண்ணிட்டு விளையாடுங்களேன்," என்றாள் அக்கா. "அந்தக் குமாஸ்தா அப்படித்தானே விளையாடியிருக்காரு."

"அது கல்யாணப் பந்தில வாசனை மட்டும் பிடிச்சுட்டு வர்ற மாதிரி," என்றார் அத்தான். அவருக்கு உவமை வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

கடைசியில் கார்டைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். கடைக்காரர் அதை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"சார், இது என் வயசு இருக்கும். இத என்கிட்ட கொண்டுவந்திருக்கீங்க. ஆஸ்பத்திரிக்கில்ல கொண்டு போயிருக்கணும்."

அவர் கிண்டல் செய்தார். ஆனால் அத்தானுக்குக் கிண்டல் ஏறாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. பாவம், மனம் நொந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மனிதர் திட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் எக்ஸ்ரே இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சோதனைப் படம் எடுக்க வேண்டும். வழக்கமாக ஒரு பிளாஸ்டிக் கட்டையை வைத்து எடுப்பார். மறுநாள் கட்டை இருந்த இடத்தில் சவுண்டு கார்டு படுத்திருந்தது. உள்ளே எங்காவது ஈயப்பற்று விட்டிருந்தால் தெரியும் என்பது அவர் கணக்கு. இயந்திரம் புதுசு. பெயர், பாலினம், உடலின் எந்தப் பகுதி என்று சொல்லாமல் படம் எடுக்காது. அவசரத்தில் வாயில் வந்ததைத் தட்டினார். பெயர் ஹூ. ஆண். இடது கை. பழக்கதோஷத்தில் கார்டிடம், "அசையாம இருங்க" என்றும் சொல்லியிருக்கிறார். இது ஆயாம்மா கூட்டிச் சொன்னது இல்லை, அத்தானே ஒப்புக்கொண்டார்.

படத்தை அழிப்பதற்குள் சக்கர நாற்காலியில் ஒரு தொடை எலும்பு வந்துவிட்டது. அதன் பின்னால் வரிசையாக இருமல்கள். அத்தான் கார்டைப் பைக்குள் போட்டவர் படத்தை மறந்தே போனார். அது தன் பாட்டுக்குக் கம்பி வழியாக ஊர்ந்து, படம் படிக்கும் டாக்டரம்மாவின் திரையில் போய் நின்றது.

அந்த டாக்டரம்மாவைக் கண்டால் ஆஸ்பத்திரியே சுவரோரம் நடக்கும். இருட்டறையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை எலும்பு பார்ப்பவர். ஒரு தடவை படம் லேசாகக் கலங்கியிருந்ததற்கு, "நோயாளி ஆடினாரா, நீங்க ஆடினீங்களா?" என்று கேட்டு அத்தானை அழவைக்கப் பார்த்தவர். அவர் ஹூவின் இடது கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆயாம்மாவை அழைத்து, இந்த நோயாளியை உடனே கூப்பிடுங்கள் என்றார்.

காத்திருப்போர் கூடத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆயாம்மா நடுவில் நின்று, டோக்கன் கம்ப்யூட்டரின் காலத்திலிருந்து பழகிய தொண்டையைத் திறந்தார்.

"ஹூ. ஹூ யாருங்க? ஹூ வந்திருக்காங்களா? ஹூ…"

எக்ஸ்ரே அறைக்குள் அத்தானின் உடம்பில் இருந்த அத்தனை எலும்பும் ஒரே நேரத்தில் இளகியது. படம் எடுத்துக்கொண்டிருந்த கிழவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருந்தார், விடச் சொல்ல மறந்துவிட்டார். கிழவர் முகம் நீலமாகி, தானாகவே விட்டார். அத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் நடையில் இருட்டறைக்குப் போனார்.

"நீங்கதான் ஹூவா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம். கார்டு மேடம்."

"உக்காருங்க."

அத்தான் நடந்ததெல்லாம் சொன்னார். காவல்காரன், மணி, தொப்பி, எல்லாம். டாக்டரம்மா முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. சொல்லி முடித்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் தெரியாது. எலும்புதான் தெரியும். எலும்புல சந்தேகம் வந்தா வலது கையையும் இடது கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். இங்க பாருங்க, இந்தத் தொப்பி மாதிரி நாலு இருக்கு. மூணுக்குள்ள வெள்ளையா ஏதோ இருக்கு. இது ஒண்ணுல மட்டும் வெறும் நிழல். ஏன்?"

அத்தான் பார்த்தார். தொப்பி வெளியே பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே இரண்டு ஊசிகளையும் இணைக்கும் சின்ன உலோகத் தகடு இருக்க வேண்டும். மற்ற மூன்றிலும் அது எலும்பு போல வெளேரென்று தெரிந்தது. மணித் தொப்பியில் இல்லை. எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. இத்தனை நாளும் அவர் ஐந்துக்கும் ஏழுக்கும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தது மூளை இல்லாத வெறும் தொப்பி.

"மேடம்," என்றார்.

"ஆஸ்பத்திரி மிஷின்ல இனிமே இந்த வேலை பண்ணீங்கன்னா உங்களையே படுக்கவச்சுப் படம் எடுப்பேன். அடுத்த மூணு ஞாயித்துக்கிழமையும் டூட்டி உங்களுக்கு. போங்க." அத்தான் கதவருகே போனதும் கூப்பிட்டு, அச்சடித்த அறிக்கை ஒன்றை நீட்டினார். 'இடது கை எதுவும் காணப்படவில்லை. ஒரு மூட்டில் உலோகம் இல்லை. மற்றபடி வயதுக்கேற்ற தேய்மானம். ஆலோசனை: நோயாளியின் உறவினரை மனநல மருத்துவரிடம் அனுப்பவும்.'

அன்று சாயங்காலம் வெளியே கழற்றி வைத்த நெட்வொர்க் கார்டிலிருந்து நல்ல தொப்பி ஒன்றைப் பிடுங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஐந்தாம் எண்ணில் மாட்டினார் அத்தான். நானும் கீழே போயிருந்தேன். அக்கா மின்சார ஆபீசின் புகார் கவுண்டர் வேலை முடிந்து அப்போதுதான் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். வீரன் காட்டைக் கடந்தான். வாசலுக்கு வந்தான். காவல்காரன் வாயைத் திறந்தான்.

"ஹூ கோஸ் தேர்?"

ஜலதோஷம் பிடித்தவன் சொம்புக்குள் பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் முழுசாகச் சொன்னான். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கண் கலங்கியதா என்று அக்கா எட்டிப் பார்த்தாள், கலங்கித்தான் இருந்தது.

அப்போது திரையில் எழுத்து வந்தது. 'இந்த விளையாட்டுடன் தரப்பட்ட புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில், மூன்றாம் வரியில், இரண்டாவது சொல் என்ன?' என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"எந்தப் புத்தகம்?" என்றாள் அக்கா.

அந்தக் காலத்தில் திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. காசு கொடுத்து வாங்கியவனிடம்தான் புத்தகம் இருக்கும். குமாஸ்தா புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்று, எந்த ஊர் என்று தெரியாத ஊருக்குப் போய்விட்டார். அத்தான் போனில் தேடினார். அதே வாசலில் நின்ற இன்னொருவர், பல வருடத்துக்கு முன்னால், 'யாரிடமாவது அந்தப் புத்தகம் உண்டா?' என்று கேட்டிருந்தார். அவருக்கும் யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. அத்தான் ஏதோ ஒரு சொல்லைத் தட்டினார். காவல்காரன் ஈட்டியின் பின்பக்கத்தால் வீரனைக் காட்டுக்கே தள்ளிவிட்டான்.

"அன்னிக்கே சத்தத்த ஆஃப் பண்ணியிருந்தா இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் அக்கா. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு வாக்கியம் கைக்குக் கிடைத்த பிறகு எந்தப் பெண்டாட்டி விடுவாள்.

அத்தான் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போனபோது அக்கா அந்தத் துண்டை எடுத்தாள். என்னையும் மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் தெரியாது. கவுண்டர் தெரியும்," என்றாள். "நானும் இந்தக் காவல்காரன் பண்ற வேலைதானே பண்றேன். வர்றவன் மேல எங்களுக்கு ஒரு பகையும் கிடையாது. தினம் வேற வேற கதை சொல்றவனத் திருப்பி அனுப்பிடுவோம். ஒரே பதில வச்சுக்கிட்டு சலிக்காம வந்து நிக்கிறான் பாரு, அவனுக்குத்தான் ஒருநாள் வேலை நடக்கும். இங்கிலீஷ் புத்தகத்துல அடிக்கடி வர்ற வார்த்தை என்ன?"

"'தி'யாத்தான் இருக்கும்."

"அப்ப அதையே போடு."

காவல்காரன் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம், வேறு வரி கேட்டான். அக்கா ஒவ்வொரு தடவையும் 'தி' என்றாள். அவன் தள்ளிவிட்டான். இவள் காட்டைக் கடந்து திரும்ப வந்தாள். நடுநடுவே எழுந்து போய்த் துணி காயப்போட்டாள், குக்கரை இறக்கினாள், வந்து மறுபடி 'தி' என்றாள். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன். மத்தியானம் சாய்ந்த பிறகு காவல்காரன் ஏதோ ஒரு பக்கத்தின் முதல் வரியில் முதல் சொல் என்னவென்று கேட்டான். அக்கா 'தி' என்றாள். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அந்தக் கிறீச்சைக் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அத்தான் வந்தபோது அக்கா ஆறாவது அறையில் புதையல் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் டிபன் பையைக் கையில் வைத்தபடியே பின்னால் நின்று பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் குனிந்து ஸ்பீக்கரை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தார்.

தகராறு வந்தது அடுத்த வாரம்தான். விளையாட்டில் ஒருதடவை வெளியே போய்த் தண்ணீர் எடுத்துவர வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது காவல்காரன் மறுபடியும் பக்கம், வரி என்று ஆரம்பித்தான். அக்கா பதில் சொல்லவில்லை, வாளை உருவினாள். ஒரே வெட்டு. அவன் கடைசியாகப் போட்ட அலறல் புதுத் தொப்பியின் புண்ணியத்தில் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

"ஏன் அவன வெட்டினே?" என்றார் அத்தான்.

"பின்ன? ஒரு தடவை உள்ள விட்டவள மறுபடியும் யாருன்னு கேட்டா?"

"அவன் வேலையத்தானே செஞ்சான். உன்ன ஆபீஸ்ல யாராவது இப்படிப் பண்ணினா?"

"பண்ணாமலா இருக்காங்க? கத்தி மட்டும்தான் கொண்டுவரல."

அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கோபித்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறார் என்பது அக்காவுக்குத் தெரியவே நாலைந்து நாள் ஆனது. தெரிந்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்துவைத்த புதையலையெல்லாம் விட்டுவிட்டு, விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள். காவல்காரன் உயிரோடு வாசலில் நின்றான்.

இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசல் அத்தானுடையது. அவர் பொறுமையாக நின்று, காவல்காரன் கேட்பதை முழுசாகக் கேட்டு, 'தி' என்று மரியாதையாகத் தட்டி, தள்ளிவிட்டால் காட்டைக் கடந்து திரும்பி வருகிறார். கதவு திறந்ததும் நாற்காலி கைமாறுகிறது. உள்ளே இருக்கும் பல்லியை இருவருமே இன்னும் பார்க்கவில்லை. நேற்று மாலை நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கீழே கதவு கிறீச்சிட்டது. உடனே அக்காவின் குரல், "போதும் போதும், தள்ளுங்க. அடுப்புல பருப்பு இருக்கு, போய்ப் பாருங்க."